சென்ட்ரிங் பிரிக்காத செல்லு

செல்போன் கடையில் அன்றைக்கு நின்றவர்கள்: பொறு கொத்தனார். செல்வம். நான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் டை கட்டிய கடைத் தம்பி. புது செல்லு வந்ததைக் கொண்டாட ஒரு தட்டு லட்டு. லட்டு ஆள் கணக்கில் வராது. ஆனால் கொத்தனார் அதைத்தான் முதலில் பார்த்தார்.

மதுரை ஜில்லாவில் அவரை அவசரப்படுத்திய ஆள் இன்னும் பிறக்கவில்லை. சொந்தக் கல்யாணத்தில் தாலியைக் கையில் கொடுத்தபோது, "பொறுங்க, மணை மட்டமா இல்ல" என்று எழுந்துவிட்டார். அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்து, ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் கட்டினார். கெட்டிமேளக்காரர்கள் ரெண்டு தடவை அடித்தார்களாம். அதிலிருந்து பொறு கொத்தனார். சொந்தப் பேர் அவருக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும்.

ஆனையூரில் ஒரு மாடி வீட்டு வேலை. அவர் அலங்காநல்லூரிலிருந்து வருவார். நான் சித்தாள். செல்வம் இன்னொரு கொத்தனார், சின்ன வயசு. வீட்டுக்காரருக்கு அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை ஓடியது.

ஒருநாள் சூப்பர்வைசர் தம்பி வந்து சொன்னார்.

"இனிமே நோட்டு கெடையாது. அவங்கவங்க டச் போன்ல ஆப் ஏத்திக்கங்க. காலைல அதுல வருகை போடணும். போடலைன்னா ஆப்சென்ட். கூலி இல்ல."

என்னிடம் மகள் கொடுத்த பழைய டச் போன் இருந்தது. கொத்தனாரிடம் பட்டன் செல்லு. அதில் மூணாம் நம்பர் பட்டன் செத்துப்போய், மூணு இல்லாத ஆட்களிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெள்ளிக்கெழம புது மாடல் ஒண்ணு எறங்குது. வாங்குனா மொத நாளே வாங்கணும். வாங்க போவோம்" என்றான் செல்வம்.

அப்படித்தான் கடைக்குப் போனோம்.

கடைத் தம்பி ரெண்டு செல்லை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். கொத்தனார் ரெண்டையும் கைக்கு ஒன்றாக எடுத்தார். டொக்கென்று ஒன்றோடு ஒன்றைத் தட்டினார்.

கடைத் தம்பி கத்திய கத்தலில் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே ஓடிவந்தார்.

"ஏன் தம்பி பதறுறீக? செங்கல்ல இப்படித்தான் பாப்போம். கணீர்னு கேட்டா நல்லா வெந்தது. இது மொக்கையா கேக்குது."

"அண்ணே, இது செங்கல் இல்லண்ணே!"

"சரி. ஒரு வாளித் தண்ணி இருக்கா?"

கடைத் தம்பி ரெண்டு செல்லையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கடைசியில் விரல் வைக்கச் சொன்னார். கொத்தனார் கட்டைவிரலை வைத்தார். திறக்கவில்லை. ஆள்காட்டி விரல். இல்லை. பத்து விரலும் வைத்தாயிற்று. முப்பது வருசம் சிமெண்டில் கிடந்த விரல். ரேகை தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"செருப்பக் கழட்டவா? இன்னும் பத்து இருக்கு" என்றார்.

"வேணாம்ணே, வேணாம்ணே. மூஞ்சியக் காட்டினாலும் தொறக்கும்."

"அப்பச் சரி. மூஞ்சி இன்னும் தேயல. எனக்கு இதான் வேணும்."

செல்வம் சிரித்தான். கடைத் தம்பி பில் புத்தகத்தை எடுத்தார்.

"பொறு. இப்ப வேணாம்" என்றார் கொத்தனார்.

"ஏண்ணே?"

"தளம் போட்ட அன்னைக்கே அதத் தாங்குற சென்ட்ரிங் பலகையப் பிரிச்சு அடியில போய் நிப்பியா? இருபத்தொரு நாள் ஆகணும்ல. இது இன்னைக்குப் போட்ட தளம். நிக்குதான்னு பாத்துட்டு வாரேன்."

"அதுவரைக்கும் வருகைக்கு என்ன பண்ணுவீக?"

"நான்தான் வாரேன்ல. அதுதான் வருகை."

லட்டு ஒன்று எடுத்துக்கொண்டு நடந்தார். செல்வம் நீலத்தை வாங்கினான். தவணையில்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் கையை விரித்தார். "போன் இல்லைன்னா நீங்க வரலைன்னுதான் அர்த்தம், கொத்தனாரே. வேல செஞ்சாலும் ஏறாது."

கொத்தனார் கீழே சாமான் அறைக்குப் போனார். கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கரண்டி கலவையை அப்பினார். கட்டைவிரலை அமுக்கினார். குழி விழுந்தது.

"செல்லுக்கு என் வெரலு தெரியல. சுவத்துக்குத் தெரியுது" என்றார். அப்புறம் சாரம் ஏறிவிட்டார்.

தினம் ஒரு குழி. பைத்தியம் என்றார்கள். கூலி இல்லாத வேலையை எவன் செய்வான் என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

நாலாம் நாள் மொட்டை மாடி வெயிலில் செல்வத்தின் செல்லு சூடு தாங்காமல் அணைந்தது. அவன் அதற்கு ஈரச்சாக்கைப் போர்த்தி நிழலில் வைத்தான்.

"அதத்தான் மாப்ள நானும் சொன்னேன். புதுத் தளம்னா ஈரச்சாக்குதான். நல்லா நனைச்சு விடு" என்றார் கொத்தனார் மேலே இருந்து.

ஆறாம் நாள் செல்லு தானாகவே என்னமோ புதுப்பித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வருகை ஆப் அதில் திறக்கவில்லை. ரொம்பப் புது மாடல், ஆப் இன்னும் அதற்குப் பழகவில்லை என்றார் சூப்பர்வைசர். அஞ்சு நாள் செல்வமும் ஆப்சென்ட். ஊரிலேயே புது செல்லு வைத்திருந்தவனும் வரவில்லை, டச் போனே இல்லாதவரும் வரவில்லை. சுவர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

"வா மாப்ள, நீயும் ஒரு வெரல வையி."

"போங்கண்ணே. இம்புட்டு ரூவா குடுத்துட்டு சுவத்துல வெரல் வைக்கவா?"

பதிமூணாம் நாள் கொத்தனார் வரவில்லை. காய்ச்சல். அன்றைக்குக் குழி இல்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. அவ்வளவு வீம்பாக நின்ற மனுசனுக்கு ஒரு நாள் குறைவதா? மத்தியானச் சோற்று நேரத்தில் ஒரு கை கலவை எடுத்து அப்பினேன். என் கட்டைவிரலை அமுக்கினேன். மறுநாள் வந்தவர் பக்கத்தில் தன் விரலை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

இருபத்தொரு நாள் முடிந்தது. சூப்பர்வைசர் செல்லைப் பார்த்துச் சொன்னார். "கொத்தனாரே, உங்களுக்கு ஒரு நாள்கூட ஏறல. நான் என்ன பண்றது?"

"நான் வரலைன்னா இந்தச் சுவர யாரு வச்சது? உங்க செல்லு வச்சுச்சா?"

"அது வந்து..."

"தூக்குக் குண்ட விட்டுப் பாருங்க. கோணலா இருந்தா வேற எவனோ கட்டினது. நேரா இருந்தா நான்."

கொத்தனார் அவரைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். நாங்களும் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

"எண்ணுங்க."

எண்ணினார். "இருபத்தொண்ணு."

"தப்பு. இருபது." ஒரு குழியைத் தொட்டார். "இதுல ரேகை இருக்கு பாருங்க. எனக்கேது ரேகை? அன்னைக்கு நான் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன். வராத நாளுக்கு எனக்குக் கூலி வேணாம்."

நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப இது யாரு?"

"யாரோ வேல செஞ்சவுக. இருபதுன்னு எழுதுங்க. செல்வத்துக்கும் அஞ்சு நாள் போடுங்க. எங்கூடத்தான் நின்னான்."

சூப்பர்வைசர் பேனாவைத் தேடினார். பழைய நோட்டு திரும்பி வந்தது.

மறுநாள் கொத்தனார் கடைக்குப் போனார். அவரைப் பார்த்ததும் கடைத் தம்பி ஒரே ஒரு செல்லை மட்டும் வெளியே எடுத்தாராம். விலை இறங்கியிருந்தது. ஆப் பழகியிருந்தது. முகம் பதிந்த நேரத்தில் தலையில் துண்டு கட்டியிருந்தார். இன்றைக்கும் துண்டு கட்டினால்தான் திறக்கும். கல்யாண வீட்டிலும் செல்லு பார்க்கத் தலைப்பா கட்டுகிறார்.

இப்போது அவர் சமயநல்லூரில் ஒரு வேலையில் இருக்கிறார். புது மாடல் வருகிறது, வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆனையூர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்னால் அந்தச் சாமான் அறைச் சுவரைச் செதுக்கி மட்டமாக்கச் சொன்னார்கள். கொத்தனார் கரண்டியோடு போனார். பின்னாலேயே போனேன். என் விரல் பதிந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடக்கட்டும் தாயி" என்றார். திரும்பி நடந்தார்.

போன வாரம் ஆனையூர்ப் பக்கம் போனபோது அந்த வீட்டம்மாவிடம் தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். சாமான் அறைக் கதவைச் சாத்திப் பார்த்தேன். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் குழி எல்லாம் அப்படியே இருக்கிறது. எண்ணினேன்.

இருபத்தொண்ணு.