ஆறு மாதம் கெடாத ரஸ்க்

போர்முனையில் இருக்கும் மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, ரொட்டிக்கடை மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. குண்டு விழும் இடத்தில் அப்படிக் கேட்கலாமா என்று தெரியாததால், கேட்டதாக வைத்துக்கொள்ளவும்.

'வருகிற ரொட்டியெல்லாம் பூசணம், இரண்டு நாளாகப் பட்டினி' என்று என் மகளுக்கு நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நாலு அடுப்பு வைத்திருக்கிறவன் மருமகன் பட்டினியா? மறுநாளே பட்டாளத்து உணவுக் கிடங்குக்குப் போய், "ஆறு மாசம் கெடாத ரஸ்க் தர்றேன்"னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான், ஊரே தட்டுப்பாட்டில் கிடக்க, கடையில் வெண்ணெயும் இல்லை, சர்க்கரையும் இல்லை, விறகும் இல்லை என்பது உறைத்தது. விடுவேனா? வெண்ணெய்க்குத் தண்ணீர், சர்க்கரைக்கு உப்பு, விறகுக்கு எங்கள் படுக்கையறைக் கதவு. உங்கள் அத்தை, "கட்டிலையாவது விட்டு வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னு தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் மாவு முழுக்க அவள்தான் பிசைந்தாள், மூன்று நாள் கையைத் தூக்க முடியவில்லை. ரஸ்க்கை இரண்டு தடவை சுடுவதுதான் வழக்கம். உங்களுக்குப் போவதாயிற்றே என்று நான் நாலு தடவை சுட்டேன்.

சோதனை அதிகாரி வந்து ஒன்றை உடைத்துப் பார்த்தார், உடையவில்லை. மேஜையில் ஓங்கித் தட்டினார், மேஜையில்தான் வடு விழுந்தது. "யோவ், இதை எதுய்யா கெடுக்க முடியும்?"னு கேட்டு முத்திரை குத்திட்டார். நாற்பது மூட்டை! எதிர்க்கடை ரொட்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நேற்று வரை என்னை 'ரொட்டி' என்று கூப்பிட்ட தெரு, இன்று 'பட்டாளத்து மாமா' என்கிறது. போன மாதம் ஒவ்வொரு மூட்டையையும் ஏற்றும்போது, "இதுல ஒண்ணாவது என் பிள்ளை வாய்க்குப் போகணும்"னு சொல்லிச் சொல்லி ஏற்றினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் அழுதும் விட்டேன்.

நீண்ட ஆயுளோடும் நிறைந்த வயிற்றோடும் நீங்கள் வீடு திரும்ப ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. முன்பல் உடைந்ததற்கு வருந்துகிறேன். 'இந்த மாதம் பூசணம் பிடிக்காமல் வந்து சேர்ந்தது அந்த ரஸ்க் ஒன்றுதான், வெந்நீரில் ஊறவைத்துப் பன்னிரண்டு பேர் பசியாறினோம், அதைச் சுட்ட மகராசனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அதே கையால் நாலு அறை விட வேண்டும், ஆள் யாரென்று விசாரியுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். விசாரித்துவிட்டேன். மேலே 'நான்' என்று வரும் இடத்திலெல்லாம் 'எதிர்க்கடைக்காரர்' என்று திருத்திப் படிக்கவும். அறையை அவர் கடைக்கும், கும்பிடை இந்த விலாசத்துக்கும் அனுப்பவும்.