நடுக்கடலில் புத்தகத்தை மூடாதவன்

முப்பத்திரண்டு பிள்ளைகளையும் ஒரு வித்தியாதிகாரியையும் தீக்குத் தின்னக் கொடுக்கப் பார்த்தவன் நான். சொல்ல வெட்கம்தான். ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள், அது இன்னும் மோசமாக இருக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அவுஸ்திரேலியாவின் மெல்பனில், ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் தற்காலிகக் கணித ஆசிரியராக இருந்தேன். மனைவியும் ஏழு மாதப் பெண்பிள்ளையும் யாழ்ப்பாணத்தில். "உத்தியோகம் நிரந்தரமாகட்டும் தம்பி, அடுத்த பிளேனில ஏத்திவிடுறன்" என்று மாமனார் எழுதியிருந்தார். (அவரை எதிர்த்துப் பேசும் தைரியம் எனக்குக் கடிதத்தில்கூட இல்லை.) ஆக, பாடசாலைகளைப் பார்வையிட வரும் வித்தியாதிகாரி என் வகுப்பைப் பார்த்து எழுதப்போகும் அறிக்கையில்தான் என் குடும்பம் தொங்கியது.

அவர் வந்த அன்று பார்த்து ஆங்கில ஆசிரியை சுகமில்லை என்று வராமல் நின்றுவிட்டார். பாடசாலை அதிபர் அவருடைய வகுப்பை என் தலையில் கட்டினார்.

"பழைய கிரேக்கக் காவியம். போர் முடிந்து ஒரு வீரன் கடல் வழியாக வீடு திரும்புகிறான். பிள்ளைகளில் பாதிப்பேர் கிரேக்கர்தான். சமாளியும்" என்று புத்தகத்தைத் திணித்தார். "வித்தியாதிகாரிக்கும் இந்த ஒரு பாடநேரம்தான் இருக்கிறது."

எனக்குத் தெரிந்தது அட்சரகணிதம். காவியம் என்றால் ஊர்க் கோயிலில் நடக்கும் புராணபடிப்பு ஒன்றுதான் தெரியும். ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார், அதாவது விரித்து விளக்குவார். நான் நாலு வருடம் பயன் சொன்னவன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

வித்தியாதிகாரி கடைசி வாங்கில் குறிப்புப் புத்தகத்தோடு குந்தினார். எலேனி என்ற மாணவி வாசிக்க, நான் பயன் சொல்லத் தொடங்கினேன். முதல் ஐந்து நிமிடமும் கரும்பலகையைப் பார்த்தே பேசினேன். ஒற்றைக் கண் அரக்கனின் குகைக்குள் போனதும் எனக்குச் சாமி வந்ததுபோல் சன்னதம் வந்துவிட்டது. அரக்கன் ஆள் தின்ற இடத்தை மட்டும் பத்து நிமிடம் விரித்தேன். வித்தியாதிகாரி எழுதுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தார். மனைவி பிளேன் ஏறுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு வீரனின் ஊரே தெரிகிறது, கரையில் மூட்டிய தீ தெரிகிறது. அவன் களைத்துத் தூங்கிவிட, கூட வந்தவர்கள் பொன் இருக்கும் என்ற ஆசையில் காற்றைக் கட்டிவைத்த பையை அவிழ்க்கிறார்கள். புயல் கப்பலைத் திரும்பவும் நடுக்கடலுக்கு அடிக்கிறது.

அந்த இடத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் எழும்பினார்கள்.

எங்கள் வழக்கப்படி அமங்கலமான இடத்தில் புராணத்தை மூடக் கூடாது. வீரனைக் கரையேற்றாமல் மூடினால் என் மனைவி எப்படி வந்து சேருவாள்? (அன்றைக்கு அது எனக்கு முழு நியாயமாகத் தெரிந்தது.) ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றேன்.

"அவன் கரையேறும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது!" எழும்பிய வித்தியாதிகாரியும் திரும்பக் குந்திவிட்டார்.

"சேர், இது சாப்பாட்டு மணி இல்லை" என்றாள் எலேனி.

"வாசி!"

"சேர், புகை மணக்கிறது."

"மணக்கும். கரையில் தீ மூட்டியிருக்கிறார்கள் என்று இப்போதுதானே சொன்னேன்!"

மணி நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மற்ற வகுப்புகளெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிற்க, அதிபர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் கை ஆட்டினேன்.

எலேனி ஒரேயடியாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "வீட்டுக்கு வந்தான். மனைவியைக் கண்டான். சுபம். கதவைத் திறவுங்கள் சேர்!"

திறந்தேன். நடைபாதை முழுக்கப் புகை. சமையல் வகுப்பில் எண்ணெய்ச் சட்டி பற்றியிருந்தது. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்து எண்ணினேன். முப்பத்தொன்று. உயிர் போய்விட்டது. திரும்ப எண்ணினேன். எலேனி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். முப்பத்திரண்டு. புல்லிலேயே குந்தி அழுதேன்.

தீயைச் சமையல் ஆசிரியையே அணைத்துவிட்டார். வித்தியாதிகாரி அறிக்கை எழுதினார்: கதை சொல்வதில் வல்லவர். கதவுக்குக் கிட்ட விடக் கூடாது. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம்.

அந்த ஆறு மாதத்தில் என் மகள் நடக்கத் தொடங்கினாள். அவளுடைய முதல் அடி எனக்குக் கடிதத்தில்தான் வந்தது. உத்தியோகம் நிரந்தரமாகி அவர்கள் வந்திறங்கிய அன்று, விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

இப்போது நான் கதை சொல்ல வாயெடுத்தால், மகள் முதலில் கதவைத் திறந்து, நான் சாத்தாதபடி ஒரு கதிரையை வைத்துவிட்டுத்தான் வந்து குந்துவாள். மனைவி வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொல்லுவாள்:

"இவர் அந்தக் கிரேக்கனைக் கரையேத்திப்போட்டார். நானும் பிள்ளையும்தான் ஆறு மாசம் கரையில நிண்டனாங்கள்."