டோஃபு கடைக் கலகம்

பாலத்துக்கு அக்கரையில் சீனாவின் யுன்னான் மாகாணம். இக்கரையில் லாவ் காய் பிரெஞ்சு அலுவலகம். அக்கரையில் கலகம் கிளம்புகிறதா என்று உற்றுக் கவனித்து ஹனோய்க்குத் தெரிவிப்பதே எங்கள் தலையாய கடமை. கொர்பெய் துரை தொலைநோக்கியில் கவனிப்பார். நூடுல்ஸ் விற்கும் ஒற்றன் அக்கரையில் கவனிப்பான். தந்தியடிப்பது நான்.

ஒருநாள் ஒற்றனின் அறிக்கையை மொழிபெயர்ப்பாளன் லியூங் வாசித்தான். டோஃபு கடை மோக் வீட்டில் தினமும் நாற்பது பேர் கூடுகிறார்கள். சிவப்புத் துணி பன்னிரண்டு சுருள் வந்திருக்கிறது. பட்டாசு நாலு பெட்டி. எட்டாம் தேதி விடியற்காலை காரியம். பட்டாசைத் துரை வெடிமருந்து என்று எழுதிக்கொண்டார்.

"கலகம்! யாருக்கும் லீவு கிடையாது!"

லியூங்குக்கு வேர்த்துவிட்டது. "தொரை, அது என் கல்யாணம். பொண்ணழைக்கத்தான் லீவு கேட்டிருந்தேன்."

"கலகம் நடக்கிற ஊருக்கு உன்னை எப்படிய்யா அனுப்புறது?"

"நான் போகலேன்னா கல்யாணமே நடக்காது!"

"அப்ப கலகமும் நடக்காது. அதுதானே நம்ம வேலை?"

வெளியே வந்த லியூங் அழாத குறை. "மாமனார் மோக் முன்கோபி. நான் வரலேன்னா பன்னிக்கடைக்காரன் மகனுக்குக் கட்டி வெச்சிடுவாரு!"

பாவமாக இருந்தது. அன்று மாலையே எங்கள் அலுவலகத்துக்கு மோக்கின் கடிதம் வந்தது: 'எட்டாம் தேதிக்குள் லியூங் வந்து சேராவிட்டால், நடப்பதற்கு நான் பொறுப்பல்ல.'

"தொரைகிட்ட இதைக் காட்டுடா," என்றேன்.

துரை அதை லியூங்கை மூன்று முறை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். "கலகத் தலைவன் பணயக்கைதி கேக்கிறான்! லியூங், பிரான்சுக்காக உன்னைத் தியாகம் பண்றேன். போ!"

அவன் பாலத்தில் ஓடிய ஓட்டத்தை நாட்டுப்பற்று என்று துரை குறித்துக்கொண்டார். எட்டாம் தேதி அக்கரையில் சரமாரியாக வெடித்தது. பத்தாம் தேதி அடங்கிவிட்டது. 'கலகம் ஒடுக்கப்பட்டது' என்று தந்தியடித்தேன். துரைக்குப் பதக்கம் வந்தது. லியூங்கின் லீவு மனு 'பரிசீலனைக்குரியதல்ல' என்று திரும்பி வந்தது.

பத்து மாதம் கழித்து மோக் வீட்டில் மறுபடியும் கூட்டம். லியூங்கின் மகனுக்கு ஒரு மாதம் நிறைந்ததற்காக ஊருக்கெல்லாம் சிவப்புச் சாயமிட்ட முட்டை கொடுத்தார்கள். துரை மூன்று நாள் தொலைநோக்கியை விட்டு நகரவில்லை. அந்த மூன்று நாளில்தான் யுன்னான் தலைநகரில் நிஜமாகவே புரட்சி வெடித்து, ஆட்சி கவிழ்ந்து, அதிகாரிகள் ஓட்டம் பிடித்தார்கள். ஹனோய் பத்திரிகை வந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

புரட்சி வெடித்த அன்று போன தந்தியின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது: 'சிவப்பு முட்டை இருநூறு. மற்றபடி மாகாணம் அமைதி.'

அடித்தது நான்தான். அதில் ரெண்டு முட்டை என் வயிற்றில் இருந்தது.