ஆகாயத்தில் பாஸ்போர்ட் அண்ணன்

பயப்படுவதற்குப் போட்டி வைத்திருந்தால் பிஜித் தீவுகளுக்கு உலகக் கோப்பையே வாங்கிக் கொடுத்திருப்பார் எங்கள் பாஸ்போர்ட் அண்ணன். நாயைக் கண்டால் பயம், இடி கேட்டால் பயம், தேங்காய் தலையில் விழுந்துவிடும் என்று தென்னை மரத்தைக் கண்டாலும் பயம். உயரம் என்றால் கேட்கவே வேண்டாம். மற்ற போட்டோகிராபர்கள் ஸ்டூலில் ஏறிக் கல்யாணக் கூட்டத்தைப் படமெடுப்பார்கள். இவர் தரையில் சம்மணம் போட்டு எடுப்பார். ரக்கிரக்கிப் பக்கம் எந்தக் கல்யாண ஆல்பத்தைத் திறந்தாலும் முதலில் மூக்குத் துவாரங்கள்தான் தெரியும்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர் தொழில் கொடிகட்டிப் பறந்தது. ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று ஓடப் பார்த்த எங்களைப் போன்ற இந்தியர்கள் எல்லோரும் பாஸ்போர்ட் படத்துக்கு அவர் முன்னால்தான் உட்கார்ந்தார்கள். ஸ்டூடியோ கதவைத் தட்டினால் சிப்பாயோ என்று மேஜைக்கடியில் போய்விடுவார். வந்தவர்தான் குனிந்து கூப்பிட வேண்டும். நாங்கள் சிரிப்போம். ஆனால் பயம் எங்களுக்கும்தான். சாலையில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். இன்றைக்கு யார் வீட்டில் கல் விழும் என்று தெரியாது.

அண்ணனும் நானும் இருந்தது கடலோரத்தில் முப்பது வீட்டுக் குடியிருப்பு. முன்னால் அலையாத்திக் காடு, பின்னால் கரும்பு, நடுவில் மாரியம்மன் கோயில். குத்தகை முடிந்து அங்கே ஹோட்டல் வரப்போவதாகப் பேச்சு. குடியிருப்பவர்களுக்கு மாற்று நிலம் தருவதாக வாக்கு. இடத்தைப் படமெடுக்க ஹோட்டல் கம்பெனி ஒரு குட்டி விமானத்தை அனுப்பியது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அது தாழப் பறந்து வந்ததும் அண்ணன் தெருவில் ஓடினார்.

"ஆர்மி பிளேன் வருது! பாகோ, பாகோ! ஓடுங்க! கரும்புக்குள்ள பூந்துக்குங்க!"

ஒரு நிமிடத்தில் ஊர் காலி. அடுப்பில் ரொட்டி கருகியது. கம்பெனியின் படத்தில் ஒரு தலைகூட இல்லை. எல்லோரும் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள், இவை காலி வீடுகள், அதனால் மாற்று நிலம் கிடையாது என்று கடிதம் வந்தது. ஆள் இருப்பதாகச் சொன்னால் படத்தோடு நிரூபிக்க வேண்டுமாம், விசாரணைக்குப் பத்தே நாள்.

என்னோடு பள்ளியில் படித்த பிஜிய நண்பன் ஒருவன் நாடி விமான நிலையத்தில் சுற்றுலா விமானம் ஓட்டினான். பயணிகள் வராமல் அது சும்மா நின்றது. நாமும் மேலே போய் ஒரு படம் எடுத்தால் என்ன என்று அண்ணனைக் கேட்டேன். இரண்டு கையையும் கூப்பினார்.

"தம்பி, நா ஸ்டூல் மேலயே ஏறமாட்டேன். ஆள வுடு."

மறுநாள் காலையில் கேமராவோடு என் வாசலில் நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது.

"ஓடுங்கன்னு கத்துனவன் நாந்தானே தம்பி. வா, போலாம்."

தீமிதிக்குக் கட்டும் மஞ்சள் துணியோடு எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும், சத்தம் கேட்டு ஓடக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

படமெடுக்க வசதியாக விமானத்தின் கதவைக் கழற்றியிருந்தார்கள். அண்ணனின் பெல்ட்டை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "செங்கா நா லெங்கா," கவலையே வேண்டாம் என்று நண்பன் சிரித்தான். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாரியாத்தாளுக்கு வேண்டுதல் வைத்தார். ஆடு என்றார், கோழி என்றார், கடைசியில் என் தலைக்கும் சேர்த்து மொட்டை என்றார்.

"அண்ணே, ஊரு வந்துடுச்சு!"

கண்ணைத் திறந்தார். கீழே வாசலுக்கு வாசல் மஞ்சள். அதற்குள் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரும்பை நோக்கி ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். ஊரே ஓடிவிட்டால் நிலமும் போச்சு.

"ஓடாதீங்க! நாந்தான்! நாந்தான் வந்திருக்கேன்!"

அண்ணன் கத்திக்கொண்டே இடுப்புவரை வெளியே சாய்ந்து கையை ஆட்டினார். கத்தியது கீழே கேட்டிருக்காது. ஆனால் ஸ்டூலுக்குப் பயந்த மனிதர் ஆகாயத்தில் தொங்குவதைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்து நின்றுவிட்டது. ஓடியவளும் நின்றாள். அண்ணன் படபடவென்று எடுத்துத் தள்ளினார்.

தரை இறங்கியதும் அவர் புல்லில் குப்புறப் படுத்து அழுதார்.

விசாரணை அதிகாரி மஞ்சள் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். மாற்று நிலம் கிடைத்தது. ஹோட்டலும் வந்தது. அடுத்த முறை ஆட்சி கவிழ்ந்தபோது நான் ஆக்லாந்துக்கு வந்துவிட்டேன். பாஸ்போர்ட் படம் எடுத்துத் தந்தது அண்ணன்தான்.

அந்த ஆகாயப் படம் என் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கை நடுங்கி எடுத்ததால் கொஞ்சம் ஆடியிருக்கும். கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்து தருகிறேன் என்றாள் என் மகள். கை வைக்காதே என்றேன். எங்கள் ஊரே இருக்கும் அந்தப் படத்தில், அண்ணன் இருப்பது அந்த நடுக்கத்தில்தான்.