ஓடிபி மாமாவும் அந்தியூர் குதிரையும்

சூலூரில் எங்கள் தெருவையும் அரசாங்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஆள்தான், ஓடிபி மாமா. அவர் போனை அணைத்து வைத்தால், எங்களில் பாதிப் பேர் அரசாங்கக் கணக்கில் பிறந்திருக்கவே மாட்டோம்.

வீட்டுக்கு வீடு தறி ஓடும் தெரு இது. போன் அடித்தால் யாருக்குக் கேட்கும்? தறியில்லாத ஒரே வீடு மாமாவுடையது. முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். அதனால் இ-சேவை மையத்தில் எந்த மனுப் போட்டாலும், "மாமா நம்பரையே போட்டுருங்க" என்று சொல்லிப் பழகிவிட்டோம். யாருக்குப் பட்டா மாறியது, யார் ரேஷனில் பாமாயில் வாங்கினார்கள், எல்லாம் அவருடைய பட்டன் போனுக்குத்தான் வரும். வந்த கையோடு தெருவில் நின்று அறிவித்தும் விடுவார்.

ஓடிபியை மட்டும் போனில் சொல்லவே மாட்டார். "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்க" என்பார். மொபெட்டை எடுத்துக்கொண்டு மையத்துக்கே போய், கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண்ணின் காதில் ஓதிவிட்டு வருவார். முன்பெல்லாம் ஒரு சான்றிதழுக்குச் செருப்புத் தேய நடந்தோம். இப்போது எல்லாம் நிமிடத்தில் முடிகிறது, மாமாவின் மொபெட் ஒரே உதையில் கிளம்பினால்.

போன ஆடியில் என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இருப்பிடச் சான்றிதழை ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். சான்றிதழ் தயார். அதைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க ஓடிபி வேண்டும். மாமாவோ அன்று தொலைவில், அந்தியூர் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையில் இருந்தார். அங்கே குதிரை ஆடுவதைப் பார்க்கத்தான் அந்த மனிதர் வருடம் முழுக்கக் காத்திருப்பார்.

போன் போட்டேன். "மாமா, ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லிப்போடுங்க."

"வந்துதுங்க மாப்பிள்ளை. போன்ல எப்படிங்க சொல்றது?"

"புள்ளைக்கு சீட்டு போயிருமுங்க மாமா."

"செரி, வெச்சுருங்க" என்று துண்டித்தார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. மகள் அழ ஆரம்பித்தாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

நாலரை மணிக்கு என் போனில் சான்றிதழ் வந்து விழுந்தது. எந்த ஊர் மையத்திலும் எடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. மனு எண்தான் அவர் போனிலேயே இருந்ததே. சந்தைக் கூட்டத்தில் இடித்துப் பிடித்து அந்தியூர் மையத்துக்குப் போய், புது ஓடிபி வரவழைத்து, முன்பின் தெரியாத ஓர் ஊழியரின் காதில் ஓதி, எனக்கு அனுப்ப வைத்திருக்கிறார்.

மறுநாள் வீட்டுக்கு வந்தார். "குதிரை ஆட்டம் பாத்தீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"நான் திரும்பிப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றவர், என் மகளைப் பார்த்துச் சிரித்தார். "குதிரை அடுத்த வருசமும் ஆடும் கண்ணு. உன்ற சீட்டு அடுத்த வருசம் வருமா?"

மகளிடம் இப்போது சொந்தமாகப் போன் இருக்கிறது. சென்ற வாரம் இ-சேவை மையத்துப் பெண், "நம்பரை மாத்திரலாமுங்களா?" என்று கேட்டாள்.

"வேண்டாமுங்க அம்மணி" என்றேன். "நல்ல சேதி எதுனாலும் மாமா வந்து சொன்னாத்தானுங்க எங்களுக்கு நல்லாருக்குது."