உட்கார்ந்த குற்றம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. வனவிலங்குப் பாதுகாப்பு அலுவலகத்தில் வண்டி ஓட்டும் என் மாமா சொன்னது. மாமா உப்பு காரம் சேர்ப்பவர் என்பதால், எத்தனை தடவை கேட்டாலும் மாற்றாமல் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

மிளகு அங்கே மோப்ப நாய். கடத்தல் கொம்பு, தோல், தந்தம் எதுவாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால் குரைக்காது, அதன் எதிரே அமைதியாக உட்காரும். பழக்கியவரை எல்லோரும் மிளகப்பா என்பார்கள். வெயிலில் வண்டி கொதிக்கிறது, பின்பக்கம் நாய்க்கு ஒரு கூரை வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். மேலிடம் அதைக் கனிவுடன் பரிசீலித்து, ‘பணிநாய் மற்றும் பயிற்றுநர் நலன் பேணும் விழா’ நடத்தியது. நாய்க்கு மேலாடை, மனிதருக்குத் தியான வகுப்பு.

விழா இயக்குநர் அறையில். மேலாடையுடன் மிளகு நேராகப் போய் அவருடைய கண்ணாடி அலமாரி முன்னால் உட்கார்ந்தது. உள்ளே, யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பளபளப்பான கொம்பு.

“ஏன்யா உட்கார்ந்துடுச்சு?” என்றார் இயக்குநர்.

மிளகப்பா தன் செருப்பையே பார்த்தார். “அது அப்படித்தான் சார் தகவல் சொல்லும்.”

“என்ன தகவல்?”

உதவியாளர் முந்திக்கொண்டார். “களைப்பா இருக்குன்னு சொல்லுது சார்.”

அறைக்கு மூச்சு வந்தது. உடனே குழு அமைத்தார்கள். நின்று செய்யவேண்டிய பணியை உட்கார்ந்து செய்வது உடல்நலக் குறைவின் அறிகுறி என்று குழு உட்கார்ந்தபடியே முடிவு செய்தது. மிளகுக்குக் கட்டாய ஓய்வு. பயிற்றுநரைப் பிரிந்து வெளியூர்க் காப்பகம்.

மிளகப்பா அன்று சாப்பாட்டைத் தொடவில்லையாம். உள்ளதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று மனைவி கேட்டிருக்கிறார். “சொன்னா எனக்கும் சேர்த்து ஓய்வு குடுத்துடுவாங்க” என்றாராம்.

மறுநாள் குழுவின் முன் பணிவாகச் சொன்னார்: “அந்த அலமாரி காத்த மறைக்குது சார். அதான் களைப்பு. நகர்த்திட்டு ஒருதரம் பாருங்க.”

அலமாரி கூட்ட அரங்குக்குப் போனது. மிளகு அங்கே போய் உட்கார்ந்தது. அலமாரி கணக்குப் பிரிவுக்குப் போனது. அங்கேயும் உட்கார்ந்தது. களைப்பு பரவுகிறது என்று குழு கவலைப்பட்டது. கடைசியில் அலமாரியை இயக்குநர் வீட்டுக்கே ஏற்றினார்கள். மாமாதான் வண்டி ஓட்டினார். அன்று மிளகு அலுவலகம் முழுக்கச் சுற்றியும் எங்கும் உட்காரவில்லை. பூரண குணம் என்று அறிவித்து, இயக்குநருக்குச் சிறந்த நலப்பணிக் கேடயம் கொடுத்தார்கள். மிளகு மிளகப்பாவிடமே இருந்தது.

பிற்பாடு, வேலைக்கு மனு கொடுக்கப் போனபோது நானே சரிபார்த்தேன். இயக்குநர் அறையின் பாதி திறந்த கதவு வழியே தெரிந்தது: அலமாரி பழைய இடத்துக்கே வந்திருக்கிறது; கொம்புக்குப் பக்கத்தில் கேடயம். வண்டிக்குக் கூரை இல்லை. அந்த அறைக் கதவில் ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகை. அந்தக் கதவைப் பார்த்தபடி வெளியே மிளகு உட்கார்ந்திருந்தது. காத்திருந்தவர்கள் அதன் தலையைத் தடவி, எவ்வளவு அமைதியான நாய் என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தெரிந்த நானும், மனுவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் தடவி அதையே சொன்னேன்.

“ஆமா தம்பி, ரொம்ப அமைதி” என்றார் மிளகப்பா.