பேட்டரி மட்டும்தான் வீக்

உலக மோட்டார் வாகன வரலாற்றில் பழுது என்பதையே அறியாத ஒரே வேன், கிழக்குத் தாம்பரத்தில் அரிகிருஷ்ணன் வீட்டு வாசலில் நின்றது. பதினெட்டு ஆண்டுகளாக நின்றது. ஏன் ஓடவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: "பேட்டரி மட்டும்தான் வீக்."

அது அவருடைய தகப்பனார் வாங்கிய வேன். அதில் குறை இருக்கிறது என்றால் தகப்பனாரிடமே குறை இருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டின் சட்டம் அப்படி.

2004-இல் மனிதகுலத்தின் மேல் இரக்கப்பட்டு, அவர் அந்த வேனைப் பக்கத்துப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவுக்குக் கொடுத்தார். பிளஸ் டூ மாணவர்கள் பன்னிரண்டு பேர் அதைப் புதுப்பிக்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு அதுதான் மதிப்பெண். நிபந்தனை ஒன்றே ஒன்று: ரெக்கார்டு நோட்டில் 'பழுது' என்ற சொல் வரக்கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் அவர் பார்த்து, "மேற்கண்டது முற்றிலும் உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

"சார், பழுதக் கண்டுபிடிச்சு எழுதினாத்தான் மார்க்கு," என்றார் ஆசிரியர் தேவானந்தம். "பசங்க பாஸாவணும்ல?"

"பாஸாவட்டும்யா. அதுக்கு எங்கப்பா ஃபெயிலாவணுமா?"

இப்படியாகத் தொழிற்கல்வியில் ஒரு பொற்காலம் தொடங்கியது. துரு, 'பரம்பரை நிறம்' என்று பதிவாகிச் சுரண்டப்பட்டது. ஆயில் ஒழுகியது 'தாராள குணம்'. கதவு திறக்காதது 'கண்டவரையெல்லாம் ஏற்றாத கட்டுப்பாடு'. இன்ஜினுக்குள் குடியிருந்த எலிக்குடும்பம் 'விருந்தோம்பல்'. கௌரவமான பெயர் கிடைத்ததெல்லாம் ரிப்பேர் செய்யப்பட்டது. மன்னிக்கவும், 'மரியாதை' செய்யப்பட்டது.

பிரேக்குக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை.

"பிரேக் பிடிக்கலன்னு நேராவே எழுதிடறேன் சார்," என்றாள் ஷாயிஸ்தா. நோட்டு எழுதும் மாணவி அவள்தான்.

"இன்னாது? எங்கப்பாவ நிறுத்த இந்த ஏரியால ஆளே கிடையாது. அவர் வண்டிக்கு பிரேக்கு இன்னாத்துக்கு? அதத் தொடாதம்மா."

தொடவில்லை.

தேர்வுக்கு முதல்நாள், நாதஸ்வரம், ஷாமியானா சகிதம் பள்ளி மைதானத்தில் விழா. தேவானந்தம் நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்திருந்தார்.

"ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க சார். கியர் போடாதீங்க, கும்பிடறேன்."

அரிகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். "கல்லு வெச்ச வண்டின்னு நாளைக்கி நாலு பேரு பேசுவான். எடுங்கப்பா அத."

"மூக்குக் கண்ணாடியாச்சும் கழட்டி என்னாண்ட குடுத்துட்டுப் போங்க," என்றார் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி. "போன மாசந்தான் புச்சா போட்டது."

"எங்க வம்சத்துல பாதியில நின்னவன் கெடையாது!" என்று கியரைப் போட்டார்.

நிற்கவில்லைதான். வேன் ஷாமியானாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு, நாதஸ்வரக்காரரை மேஜைமேல் ஏற்றிவிட்டு, மைதானத்தை இரண்டு சுற்று வந்து, வாசலில் 'உபயம்' என்று அவருடைய தகப்பனார் பெயர் பொறித்த தூணைத் தழுவி ஓய்ந்தது. தூண் படுத்தது.

அரிகிருஷ்ணன் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கினார். மூக்குக் கண்ணாடிதான் தூள்.

"பாத்தியா தேவானந்தம்? வண்டிக்கு ஒண்ணும் ஆவல. தூணுதான் வீக்கு. அது மேஸ்திரி கட்டுனது, எங்கப்பா இல்ல."

ஷாயிஸ்தா கடைசிப் பக்கத்தை நீட்டினாள். "பழுதுன்னு ஒண்ணாவது இல்லாட்டி நாளைக்கு எல்லாருக்கும் முட்டைதான் சார். ஒண்ணே ஒண்ணு எழுதியிருக்கேன்."

"வண்டிலயா?"

"வண்டில இல்ல சார்."

"எங்கப்பாவப் பத்தியா?"

"சேச்சே, அவரப் பத்தி ஒரு வார்த்த கெடையாது."

"அப்ப குடு."

கண்ணாடி இல்லாமலே, மூன்று சுழி வைத்த அந்தப் பரம்பரைக் கையெழுத்தைக் கம்பீரமாகப் போட்டார். பன்னிரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் வாங்கித் தந்த அந்தப் பக்கம், இன்றும் பள்ளியில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது:

"பழுது: ஒன்று. இருக்கும் இடம்: வேனைக் கொடுத்த ஐயா. மேற்கண்டது முற்றிலும் உண்மை. அரிகிருஷ்ணன்."